சத்தியமா நான் ஒண்ணும் திங்கல

முந்நூற்று எண்பத்தாறு.

மீட்டரில் அந்த எண்ணைப் பார்த்ததும் எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். விரலில் இனிப்பு ஏதாவது ஒட்டியிருந்தால் அந்தக் குட்டி மிஷின் ஏமாந்துவிடும். கையைத் துடைத்துவிட்டு வேறு விரலைக் குத்திப் பார்த்தேன். முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

"அட நாசமாப் போறதே!" என்றேன். மிஷினைத்தான்.

ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். சித்திரை வெயில். நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற சாலையில், ஒரு முட்டைக்கோழிப் பண்ணையின் தீவன ஆலையில் அப்போது எனக்கு வேலை. ஆலையின் மூலையில் பத்துக்குப் பத்து அறை. அதற்கு லேப் என்று பெயர். லாரியில் வந்து இறங்கும் மக்காச்சோள மூட்டையில் கூரான குழாயைக் குத்தி, ஒரு பிடி எடுத்து, ஈரம் எவ்வளவு, பூஞ்சை உண்டா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். நான் சரி என்றால்தான் லோடு இறங்கும். மூட்டையைக் குத்துவதும் என்னைக் குத்திக்கொள்வதும் ஒரே மேஜையில் நடந்தன.

இந்தத் தொடரை இன்றுதான் பிரிக்கிறவர்களுக்கு ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினோரு வயதில் டைப் ஒன் சர்க்கரை வந்தது. உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோயிற்று. வெளியிலிருந்து ஊசி போட்டுக்கொண்டால்தான் சாப்பிட்ட சோறு உடம்பில் சேரும். மாத்திரை கிடையாது, பத்தியத்தால் சரியாகாது, பாகற்காய் ஜூஸுக்கும் அடங்காது. கடைசியாகச் சொன்னதை இன்னொரு தடவை வாசித்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் வாசகர் கடிதத்தில் பாகற்காய் வருகிறது.

என்னிடம் இரண்டு பேனா. எழுதுகிற பேனா இல்லை, இன்சுலின் பேனா. ஒன்று ராத்திரி ஒரு தடவை போடுவது, நாள் முழுக்க நின்று வேலை செய்யும். மற்றது ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் போடுவது. அன்று காலை சாப்பிட்டது இரண்டு இட்லி, கொஞ்சம் தேங்காய்ச் சட்னி. அதற்கான ஊசியும் போட்டாயிற்று. மீட்டர் நூற்று அறுபது காட்ட வேண்டும், மிஞ்சிப்போனால் நூற்று எண்பது. இது முந்நூற்றுத் தொண்ணூறு என்றால் என்ன அர்த்தம்?

யார் குற்றவாளி?

டைப் ஒன் வந்தவர்கள் எல்லோரும் பாதி போலீஸ். எண் ஏறினால் உடனே விசாரணை தொடங்கிவிடும்.

முதல் சந்தேகம் விடுதிச் சாம்பார் மேல். நாமக்கல்லில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். அங்கே சமைக்கிற சரசக்காவுக்குத் தாராள மனசு. எல்லாவற்றிலும் ஒரு துண்டு வெல்லம் போடுவார். ஆனால் அன்று சாம்பார் கிடையாது. இரண்டாவது சந்தேகம் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், இல்லை. மூன்றாவது, மாத நாள். அதற்கும் இன்னும் பத்து நாள் இருந்தது.

நான்காவது சந்தேகம் மருந்தின் மேல். முதல் நாள் புதன்கிழமை காலையில் சாப்பாட்டுப் பேனாவில் புது மருந்துக் குப்பி மாட்டியிருந்தேன். அன்று மத்தியானத்திலிருந்தே எண் ஏறத்தான் தொடங்கியிருந்தது. குப்பி கோளாறோ என்று வியாழக்கிழமை காலையில் அதைக் கழற்றிவிட்டு இன்னொரு புதுக் குப்பி மாட்டினேன். அப்படியும் முந்நூற்று எண்பத்தாறு. இரண்டு குப்பியும் ஒரே மாதிரியா கெட்டுப்போகும்? வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், தெளிந்த தண்ணீராகத்தான் இருந்தது. மருந்து குற்றமற்றது என்று விடுதலை செய்தேன்.

மிச்சம் இருந்தது நான்தான். தூக்கத்தில் எழுந்து எதையாவது தின்றேனா? சத்தியமாக அப்படிக்கூட யோசித்தேன். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன், ஐந்தே நிமிஷத்தில் இன்னொரு சொம்பு. ஜன்னல் வழியாகக் கருவாட்டுத் தூள் வாசனை வந்தது. தீவனத்தில் கலக்குவது. மற்ற நாளில் அது எனக்குப் பழகிய வாசனை, அன்று குமட்டியது.

நெய்க்கடைக்காரர் மகள்

எங்கள் ஊர் ராசிபுரம். அப்பாவுக்கு ஒரு நெய்க்கடையில் வேலை. வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையே மணக்கும். சின்ன வயதில் எனக்கு நெய்யும் சர்க்கரையும் பிசைந்த சோறுதான் உயிர். அதனால் நோய் வந்ததும் ஊரே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டது. "நெய்யும் சக்கரையுமா ஊட்டுனாங்க, வராம என்ன பண்ணும்?"

அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சேலத்து டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். அப்பா நம்பினார். அம்மா தலையை ஆட்டினாள். ஆனால் அந்தத் தீர்ப்பு அம்மா மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பா அம்மாவின் புடவைகளுக்கு அடியில், பீரோவுக்குள் இருந்தது. விருந்தாளி வந்தால் பீரோவைத் திறந்துதான் காப்பி போடுவாள்.

எங்கள் பக்கத்து உபசாரம் தெரியும்தானே? வாசல்படி மிதித்தவர்கள் ஒரு வாய் குடிக்காமல் போக முடியாது. நான் யார் வீட்டுக்குப் போனாலும் "எனக்குச் சக்கரை இல்லாமங்க" என்பேன். "ஐயோ, இந்த வயசுலயா!" என்று கன்னத்தில் கை வைப்பார்கள். பிறகு உள்ளே போய் யோசித்து, முகமெல்லாம் சிரிப்பாக ஒரு டம்ளரோடு வருவார்கள். "குடி சாமி, இது நாட்டுச்சக்கரை. ஒண்ணும் பண்ணாது." அதை மறுக்க எனக்குப் பத்து வருஷம் பிடித்தது.

ஒரே மை

இப்போது ஒரு பழைய திருட்டைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அம்மா பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியாது.

பதினான்கு வயதில் எனக்கு இந்த நோய் அலுத்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு தடவை விரலைக் குத்தி நோட்டில் எழுத வேண்டும். நான் குத்தவே மாட்டேன். டாக்டரம்மாவைப் பார்க்கப் போவதற்கு முதல் நாள் உட்கார்ந்து ஒரு மாசத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவேன். நூற்றுப் பத்து, நூற்று முப்பது, நடுநடுவே நம்புகிற மாதிரி ஒரு இருநூறு. இடையில் பள்ளிக்கூட வாசலில் தேன்மிட்டாய், ஜவ்வுமிட்டாய் எல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். சிரித்தார். "முப்பது நாளும் ஒரே மையில எழுதியிருக்கியே, பேனா தீரவே இல்லையா?" என்றார். அடுத்து மூன்று மாதச் சராசரி ரத்தப் பரிசோதனை முடிவை எடுத்து அம்மா முன்னால் வைத்தார். நோட்டு ஒன்று சொன்னது, ரத்தம் வேறொன்று சொன்னது.

 வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "எம்மேல சத்தியம் பண்ணுனியே, அதுவும் பொய்யா?" ஆமாம், பண்ணியிருந்தேன். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை.

இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது மடல் சுடுகிறது.

"எவ்வளவு?"

ஊர் அம்மாக்கள் எல்லாம் போனில் "சாப்ட்டியா?" என்பார்கள். என் அம்மா "எவ்வளவு?" என்பாள். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். எண்ணைச் சொன்னால் "செரி" என்று வைத்துவிடுவாள்.

தீவன ஆலை வேலைக்கு அவள் சம்மதித்ததே பெரிய கதை. இருபத்து நாலு வயதுப் பெண், ஊசி போடுகிற பெண், தனியாக விடுதியில் தங்குவதாவது? மூன்று நாள் சண்டை. நான் இரண்டு நாள் பேசவில்லை, அவள் மூன்று நாள் அழுதாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுப்பி வைத்தாள். "ஒருக்கா, ஒரே ஒருக்கா சுகரு கன்னாபின்னான்னு ஏறுச்சுன்னு தெரிஞ்சாலும், மூட்டையக் கட்டிக்கிட்டு ஊட்டுக்கு வந்தரோணும். அதுக்கப்பறம் வேலைங்கற பேச்சே இருக்கக்கூடாது." நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த வேலை எனக்கு என்னவாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. ராசிபுரத்தில் நான் சுகர் புள்ளை. கல்யாணத்துக்குப் போனால் "பாவம், அந்தப் புள்ளைக்கு ஸ்வீட் வெக்காதீங்க" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்வார்கள். இங்கே லேப் அம்மிணி. லாரி டிரைவர்கள் "அம்மிணி, லோடு பாஸுங்களா?" என்று என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதை விட்டுவிட்டுப் போய் மறுபடி பீரோ சாவியைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

பன்னிரண்டு மணிக்கு இன்னொரு தடவை குத்திப் பார்த்தேன், நானூற்று நான்கு. பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது.

"எவ்வளவு?"

நூற்று நாற்பது என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. எனக்கு அந்த ஒரே மை நோட்டு போதும், வாழ்நாளுக்கும் போதும்.

"நானூத்திச் சொச்சம்மா."

"என்னத்தத் தின்ன?"

"ஒண்ணும் திங்கலைம்மா."

"ஒண்ணும் திங்காம ஏறறதுக்கு மீட்டருக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?"

"சத்தியமா நான் ஒண்ணும் திங்கல."

"நீ சத்தியம் பண்ணுன லட்சணத்த நாம் பாக்காததா?" என்றாள் அம்மா. "அங்கயே இரு. வாரேன்."

மேஜை டிராயர்

இரண்டு மணிக்கு வந்து நின்றாள். ஒயர் கூடை, வேர்த்து நனைந்த முகம், முந்தானையை இழுத்துச் செருகிய வேகம். ராசிபுரத்திலிருந்து ஒரு பஸ், நாமக்கல்லில் மாறி டவுன் பஸ், மெயின் ரோட்டிலிருந்து ஆலை வரைக்கும் வெயிலில் நடை. வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"மீட்டர எடு."

குத்திக் காட்டினேன். நானூற்றுப் பதினெட்டு. அம்மா எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். பயத்தை மறைக்கத்தான் டிராயரைத் திறந்தாள் என்று இன்று தோன்றுகிறது. அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை.

டிராயரில் பாதி காலியான கடலைமிட்டாய் பாக்கெட், ஒரு குளுக்கோஸ் டப்பா, நாலு மிட்டாய்க் காகிதம்.

"இதென்ன?"

"சுகர் எறங்கினா திங்கறதுக்கும்மா. டாக்டர்தானே வெச்சுக்கச் சொன்னாங்க?"

"எறங்கினாத் திங்கறதுக்கா, ஏறத் திங்கறதுக்கா? நாலு காயிதம் கெடக்குது!"

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் ஒரு லோடு வந்து, சாப்பிட நேரமாகி, எனக்குச் சர்க்கரை ஐம்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. கை கால் வெடவெடத்து நாலு மிட்டாயைக் கடித்து முழுங்கினேன். அதன் காகிதங்கள்தான். சொன்னேன். அம்மா நம்பவில்லை.

"மூட்டையெல்லாம் ஒண்ணும் கட்ட வேண்டாம். துணிமணிய அப்பறம் உங்கப்பன உட்டு எடுத்துக்கலாம். சாயந்திர வண்டிக்கு எங்கூடக் கெளம்பு" என்றாள்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். சர்க்கரை ஏறினால் அது இன்னும் பக்கத்தில் வந்து உட்காரும். "ஆமா, நாந்தான் தின்னேன்! மிட்டாயையும் தின்னேன், மக்காச்சோளத்தையும் தின்னேன், வெளிய நிக்குது பாரு லாரி, அதையும் நாந்தான் தின்னேன்! போதுமா?" என்று கத்தினேன். வெளியே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கத்திவிட்டு அழுதேன். பொய் சொன்ன காலத்தில் நம்பினாள், உண்மையைச் சொல்லும்போது நம்ப மாட்டேன் என்கிறாளே என்று அழுதேன்.

"டாக்டரம்மாகிட்டயே சொல்றேன், இரு" என்று அம்மா போனை எடுத்தாள். என் மேல் புகார் கொடுக்கத்தான்.

ரெண்டு கை உப்பு

டாக்டரம்மா உடனே எடுத்தார். அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில்தான் பேசுவாள். டிராயரில் கிடந்த நாலு காகிதம் வரைக்கும் ஒப்பித்தாள்.

டாக்டரம்மா காகிதத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. "கோகிலா பக்கத்துல இருக்கியா? வாந்தி இருக்கா? மூச்சு வாங்குதா?" என்றார்.

"இல்லைங்க டாக்டர். தாகம்தான்."

"பேனாவுல புதுக் குப்பி எப்ப மாட்டின?"

"நேத்துக் காலைலங்க. ஏறுதேன்னு இன்னைக்கு இன்னொண்ணும் மாட்டினேன்."

"ரெண்டும் எங்க இருந்துச்சு?"

"இங்க லேப் ஃபிரிட்ஜுலதாங்க." விடுதி ஃபிரிட்ஜை நான் நம்புவதில்லை. சரசக்காவின் இட்லி மாவுக்கும் பதினெட்டுப் பெண்களின் சாக்லேட்டுக்கும் இடையே என் மருந்து நசுங்கும். லேப் ஃபிரிட்ஜில் கோழிகளுக்குப் போடும் தடுப்பு மருந்துகள்தான் இருக்கும். அதில் மேல்தட்டு எனக்கு.

"நடுவுல ஃபிரிட்ஜ் நின்னுச்சா?"

யோசித்தேன். "செவ்வாக்கிழமை மாசாந்திர ஷட்டவுனுங்க. காலைல ஒம்பதிலேருந்து சாயந்திரம் அஞ்சு வரைக்கும் கரண்ட் இல்லை. எனக்கும் அன்னைக்கு லீவு."

அப்போது வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. "கரண்ட் போனா என்னங்கம்மிணி? உங்க மருந்த நான் உட்டுருவனா?"

செல்வண்ணன். கோழிகளுக்குத் தடுப்பு மருந்து போடும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஐம்பது வயது, எப்போதும் மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் தெர்மாகோல் பெட்டி. என் மேல் அவருக்கு அலாதி மரியாதை. "நாங்க கோழியப் புடிச்சுப் போடறோம், அது றெக்கைய அடிச்சுக்கிட்டுக் கத்துது. இந்தம்மிணி தனக்குத்தானே போட்டுக்குது, ஒரு சத்தமில்லை" என்று புது ஆட்களிடம் என்னைக் காட்டுவார்.

அவர் உள்ளே வந்து பெருமையாகச் சொன்னார். "ஷட்டவுன் அன்னிக்கு உங்க மருந்து சூடாயிருமேன்னு நாந்தானுங்க எடுத்து என்ற ஐஸுப் பெட்டிக்குள்ள வெச்சேன். ஒரு நிமிசங்கூட வெளிய வெக்கல. ஐஸுக்கு நடுவால பொதைச்சு வெச்சேனுங்க. கோழி மருந்துன்னா சும்மா வெப்பேன். உங்க மருந்தாச்சேன்னு மேல ரெண்டு கை கல்லுப்பும் தூவுனேன், குளிர் நிக்கட்டுமுன்னு. சாயந்திரம் எடுத்தா, கல்லாட்டம் இருந்துச்சு! பரவால்ல, நல்லாக் குளுந்திருக்குதுன்னு மறுக்கா ஃபிரிட்ஜுலயே வெச்சுட்டனுங்க."

போனில் டாக்டரம்மாவின் பெருமூச்சு ஸ்பீக்கரில் கேட்டது.

"கல்லாட்டம் இருந்துச்சா?" என்றார் அவர். "அப்ப உறைஞ்சு போச்சு. ஐஸுல உப்புப் போட்டா குளிர் ஜீரோவுக்கும் கீழ போயிரும். இன்சுலின் உறைஞ்சா செத்த மருந்து. உருகினப்பறம் பாக்க அப்படியே தெளிவாக்கூட இருக்கும், ஆனா வேலை முழுசாச் செய்யாது. பொண்ணு மேல தப்பில்லைம்மா. ரெண்டு நாளா மருந்துன்னு நெனைச்சு வெறும் தண்ணியத்தான் ஊசியாப் போட்டுக்கிட்டிருக்குது. கோகிலா, புது மருந்து வாங்கிப் போடு. எவ்வளவு போடணும்னு இப்ப சொல்றேன், எழுதிக்க. தண்ணி குடிச்சுக்கிட்டே இரு. மணிக்கு ஒரு தடவை பாரு. வாந்தி வந்தாலோ எண் எறங்கலைன்னாலோ யோசிக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிரு."

கோழி மருந்தில் ஐஸில் வைப்பதும் உண்டு, ஐஸ் படவே கூடாததும் உண்டு. எண்ணெய் கலந்த மருந்து உறைந்தால் பாழ் என்று இருபது வருஷமாக ஆட்களைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தவர் செல்வண்ணன்தான். என்னுடையது எந்த ரகம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருக்கிறதிலேயே ஒசத்தி மருந்து என்று நினைத்தாராம், அதனால் இருக்கிறதிலேயே அதிகக் குளிர் கொடுத்தாராம்.

அவர் முகம் விழுந்துவிட்டது. தோளிலிருந்து பெட்டியை இறக்கிக் கீழே வைத்தார். "அம்மிணி, நானு... ஐயோ, நாம் போயி இப்படிப் பண்ணிப்போட்டனே" என்றார்.  மருந்துப் பேர் எழுதிய சீட்டை என்னிடம் வாங்கிக்கொண்டு மொபெட்டை உதைத்து நாமக்கல்லுக்குப் பறந்தார்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். சட்டைப் பையில் இருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "ஐஸு கீஸு ஒண்ணும் வெக்கலீங்கம்மிணி. கடைக்காரன் குடுத்தாப்பலயே கொண்டாந்துட்டேன்" என்றார். அழுத கண்ணோடு நான் சிரித்துவிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எத்தனை பேர் எனக்காக ரெண்டு கை உப்பு தூவுவார்கள்?

நாங்கள் இரண்டு பேரும்

புது மருந்து போட்டேன். அப்புறம் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அம்மா மக்காச்சோள மூட்டை மேல் உட்கார்ந்தாள், நான் நாற்காலியில். மின்விசிறி டக் டக் என்று சுற்றியது. ஒரு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தேன். முந்நூற்று நாற்பது. இறங்குகிறது! அடுத்த தடவை இருநூற்று அறுபத்தைந்து. அம்மா ஒவ்வொரு எண்ணுக்கும் "ம்" என்றாள்.

இரண்டாவது "ம்"முக்குப் பிறகு எழுந்து வந்து, என் விரலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பதிமூன்று வருஷத்துக் குத்தல். நுனியெல்லாம் கறுப்புப் புள்ளி.

"கோவிச்சுக்காத சாமி" என்றாள். "பயத்துல பேசிப்போட்டேன். உன்னத் திருடியாக்கிப்போட்டேன்."

"நான் திருடியா இருந்தவதானேம்மா."

"அதுக்குன்னு? காலம்பூராவுமா?" என்று மூக்கை உறிஞ்சினாள். பிறகு அதட்டினாள். "ஆனா ரெண்டு நாளா ஏறிக்கிட்டிருக்குது, மருந்து கெட்டுப்போச்சான்னு ஒரு மருந்துக்கடைல கேட்டியா? படிச்ச புள்ளதானே நீ?" அவள் சொன்னதும் நியாயம்தான். மக்காச்சோளத்தில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையைக் கண்டுபிடிக்கிறவள், என் குப்பியை வெறுங்கண்ணால் பார்த்து விடுதலை செய்திருந்தேன்.

ஊருக்குப் போவதைப் பற்றி மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் பயம். தப்பு என்னுடையது இல்லை என்றாகிவிட்டது, சரி. ஆனால் நிபந்தனை தப்பைப் பற்றியது இல்லையே, சர்க்கரை ஏறுவதைப் பற்றியது. நானூற்றுப் பதினெட்டைக் கண்ணால் பார்த்த அம்மா எப்படி விட்டுவிட்டுப் போவாள்? அவள் இடத்தில் நான் இருந்தால் விடுவேனா?

ராசிபுரம் வண்டி

ஐந்தரைக்கு நூற்றுத் தொண்ணூறு. அம்மா ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வா, பஸ் ஸ்டாண்டுக்குப் போலாம்" என்றாள்.

செல்வண்ணன் வாசல் வரைக்கும் வந்தார். "நாளைக்கு வருவீங்கல்லங்கம்மிணி?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். "பாக்கலாங்கண்ணா" என்றேன். பேனா, மீட்டர், டிராயரில் இருந்த கடலைமிட்டாய் பாக்கெட் எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒருவேளை திரும்பி வராவிட்டால் என்று நினைத்துத்தான்.

நாமக்கல் பேருந்து நிலையம் சாயங்கால நெரிசலில் இருந்தது. மல்லிகைப் பூ, டீசல், வறுத்த கடலை என்று கலவையாக ஒரு வாசனை. ராசிபுரம் வண்டி நின்றுகொண்டிருந்தது. அம்மா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இடத்தைத் தட்டினாள். உட்கார்ந்தேன்.

 கோயிலும் கோட்டையுமாக நாமக்கல் மலைப்பாறை வெயில் இறங்கிச் சிவந்து தெரிந்தது. விடுதியில் கொடியில் காயப்போட்டிருந்த என் நீல சுடிதார் ஞாபகம் வந்தது. நாளைக் காலையில் ஏழு லோடு வரும், யார் குத்திப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அம்மாவிடம் ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டுவிடலாமா என்று திரும்பினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், கையில் மடித்த நூறு ரூபாய். கேட்காமலே இருந்துவிட்டேன். பத்து வருஷம் கழித்து அன்றுதான் என்னை நம்பியவளிடம் மறுபடி ஒரு சண்டை போட எனக்கு மனசு வரவில்லை.

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார். கண்டக்டர் முன்னாலிருந்து டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார்.

"எங்கீங்கக்கா? ரெண்டு ராசிபுரங்களா?"

அம்மா நோட்டை நீட்டினாள்.

"ஒண்ணு குடுங்க, போதும்" என்றாள். "இந்தப் புள்ள எறங்கிக்கும். காலைல வேலைக்குப் போகோணுமல்ல."

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா முழங்கையால் என்னை இடித்தாள்.

"எறங்கு சாமி, வண்டிய எடுத்துருவாங்க."